படகிலே ஒரு குடித்தனம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

சென்ற இதழின் பழைய படப் பக்கத்தில், 1951இல் வெளிவந்த 'தி ஆஃப்ரிக்கன் குயின்' படத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தோம். காலம் 1914. முதல் உலகப் போர் தொடங்கிய நேரம். ஜெர்மனியின் ஆட்சியிலிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில் அண்ணனைப் பறிகொடுத்த சமய ஊழியப் பெண் ரோஸ், சரக்கும் தபாலும் கொண்டுவரும் படகோட்டி சார்லி ஆல்நட். இருவரும் ஒரு பழைய நீராவிப் படகில் ஆற்றோடு இறங்கி, ஏரியைக் காவல் காக்கும் ஜெர்மானியக் கப்பலைத் தகர்க்கக் கிளம்புகிறார்கள். ஜான் ஹியூஸ்டன் இயக்கம். கேத்தரின் ஹெப்பர்னும் ஹம்ஃப்ரி போகார்ட்டும் நடிப்பு. வந்து குவிந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறோம். முடிவைப் பற்றிய பதில் கடைசிக்கு முந்தையது. இன்னும் பார்க்காதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடலாம்.

பாதிப் படம் வரை பார்த்தேன். இரண்டு பேர் படகில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகிறார்கள். பாட்டு இல்லை, பெரிய சண்டை இல்லை. எதை ரசிக்கச் சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, பிடோக்

பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, யார் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்தப் படத்தில் காதல் வசனத்தில் வளர்வதில்லை. வேலையில் வளர்கிறது. படகின் நீளம் 30 அடிதான். நடுவில் கொதிகலனும் எஞ்சினும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் இடத்தில்தான் இரண்டு பேரும் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், குளிக்க வேண்டும், சண்டை போட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் ரோஸ் வெறும் பயணி. சார்லி எஞ்சினைக் கவனிக்க வேண்டியிருப்பதால் சுக்கானை அவளிடம் கொடுக்கிறான். வேறு ஆளில்லை, அவ்வளவுதான் காரணம். முதல் நீர்ச்சரிவைத் தாண்டியதும் ஹெப்பர்னின் முகத்தைப் பாருங்கள்: பயந்திருக்க வேண்டியவள் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகு படகு எங்கே போக வேண்டும் என்று முடிவெடுப்பவள் அவள்தான். கூரைத்துணிக்குக் கீழே அவள், திறந்த முன்பக்கத்தில் அவன் என்று படுத்திருக்கும் இரவில் மழை கொட்டுகிறது. ஒதுங்க வந்தவனை முதலில் கத்தி விரட்டுகிறாள். மழையைப் பார்த்தபின் தானே உள்ளே கூப்பிடுகிறாள். காதல் கதைக்கு இது முதல் படி. யாரும் யாரையும் தொடக்கூட இல்லை.

ஜின் பாட்டில்களை அவள் ஒவ்வொன்றாக ஆற்றில் கவிழ்க்கும் காட்சியிலும் கோபப் பேச்சு கிடையாது. பாட்டில்கள் மிதந்து போகின்றன. தலைவலியோடு எழுந்தவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு அவள் வாய் திறக்காமலேயே அவனைப் பணியவைக்கிறாள். நம் வீடுகளில் இது எவ்வளவு வேலை செய்யும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதையெல்லாம் தாண்டி, காதலர்கள் ஆகிவிட்ட மறுநாள் காலையில்தான் 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்கிறாள். அதுவரை 'மிஸ்டர் ஆல்நட்'தான்.

எனவே, விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து பாருங்கள். 105 நிமிடம்தான். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எஞ்சினை உதைத்தால் சரியாகுமா? வளைந்த சுழல்விசிறித் தண்டைக் கரையில் நெருப்பு மூட்டி நிமிர்த்த முடியுமா? கதைக்காகச் செய்த கோல்மாலா?
– ஒரு வாசகர், செம்பவாங்

உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதிய கதை மாதிரிதான் தெரிகிறது. கோல்மால் குறைவு.

உதைக்கும் சங்கதிக்குச் சார்லி சொல்லும் காரணம், வேலையாள் ஒருவன் பாதுகாப்பு வால்வுக்குள் திருப்புளியைப் போட்டுவிட்டான் என்பது. பாதுகாப்பு வால்வின் வேலை, அழுத்தம் வரம்பைத் தாண்டும்போது தானே தூக்கிக்கொண்டு ஆவியை வெளியே விடுவது. அது சிக்கிக்கொண்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கொதிகலன் எங்கே பலவீனமோ அங்கே கிழியும். ஒட்டிக்கொண்ட வால்வு ஒரு தட்டில் விடுபடுவது உண்டுதான். ஆனால் அதை நம்பி யாரும் கொதிகலன் ஓட்டக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். சார்லிக்கும் தெரியும். இத்தனை நாள் ஏன் சரிசெய்யவில்லை என்றால், உதைப்பது அவனுக்குப் பிடித்திருக்கிறதாம். இந்தப் படகை விட்டால் அவனுக்கு வேறு நாதியில்லை என்பது அந்த ஒரு பதிலில் வந்துவிடுகிறது.

ஆற்றோடு இறங்குகிற படகுக்கு எஞ்சின் எதற்கு என்று இன்னொரு வாசகரும் கேட்டிருந்தார். சுக்கான் வேலை செய்ய அதன்மேல் தண்ணீர் உரசிக்கொண்டு ஓட வேண்டும். நீரோட்டத்தின் வேகத்திலேயே படகும் மிதந்தால், சுக்கானைச் சுற்றியுள்ள தண்ணீர் படகுக்கு அசையாத் தண்ணீர்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் படகு திரும்பாது. பாறைகளுக்கு நடுவே ஆற்றைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனால்தான் தப்ப முடியும். அதனால்தான் ஜெர்மானியக் கோட்டைக்குக் கீழே, குண்டு பட்டு நீராவிக் குழாய் கழன்றுகொள்ளும் இடம் அவ்வளவு பதற்றமாக இருக்கிறது. ஆவி போனால் சுக்கானும் போச்சு. தோட்டாக்களுக்கு நடுவே சார்லி எழுந்துபோய்க் குழாயைப் பூட்டுவதை வீரத்துக்காகச் செய்யவில்லை. வேறு வழியில்லை.

தண்டு விஷயம்: மென் எஃகோ தேனிரும்போ என்றால், நல்ல சிவப்பாக, அதாவது ஏறத்தாழ 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றித் தட்டி நிமிர்த்தலாம். கரியும் துருத்தியும் இருந்தால் கரையிலேயே அந்தச் சூடு வரும். ஊர்க் கொல்லர்கள் வண்டி அச்சுக்குச் செய்ததுதான். சுழல்விசிறியின் உடைந்த இதழை ஒட்டவைப்பதுதான் சந்தேகத்துக்குரியது. தேனிரும்பை அடித்து ஒட்ட 1,300 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும்; ஒட்டும் முகம் சுத்தமாக இருக்க வேண்டும். விசிறி வெண்கலமாக இருந்தால் இந்த முறை உதவவே உதவாது: உலைச் சூட்டில் அடித்தால் வெண்கலம் நொறுங்கும், இன்னும் ஏற்றினால் உருகும். ஒட்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் இதழ்களின் எடை ஒத்துப்போகாது. தண்டு அதிரும், தண்டு வெளியேறும் இடத்து அடைப்பு தேயும், படகுக்குள் தண்ணீர் கசியும். நாலைந்து நாள் தாக்குப்பிடித்தால் போதும் என்கிற நிலையில் சார்லி செய்தது சரிதான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? முடியாது என்று முதலில் சொல்பவன் வேலை தெரிந்த சார்லி. ஏன் முடியாது என்று கேட்பவள் ஒன்றும் தெரியாத ரோஸ். பட்டறையில் இப்படிப்பட்ட மேலதிகாரி கிடைத்தால் திட்டித் தீர்ப்போம். இங்கே அதுவே காதலாகிறது.

ஆப்பிரிக்காவில் எடுத்தது என்கிறார்கள். ஆனால் சில இடங்களில் பின்னணி தனியாக ஒட்டவைத்தது போலிருக்கிறதே?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, செங்காங்

இரண்டும் உண்மை. பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவின் ருய்கி ஆற்றிலும், உகாண்டாவில் ஆல்பர்ட் ஏரிக்கரைப் புத்தியாபாவிலும், மர்ச்சிசன் அருவிப் பக்கத்திலும் எடுத்தார்கள். மீதி, லண்டனை அடுத்த ஐஸ்ல்வொர்த் ஸ்டூடியோவில். நடிகர்கள் தண்ணீரில் இறங்கும் காட்சிகள் ஸ்டூடியோத் தொட்டியில் எடுத்தவை. ஆப்பிரிக்க ஆற்றில் நோய்க்கிருமி பயம். பயம் வீணும் அல்ல: படக்குழுவில் பெரும்பாலானோர் வயிற்றுக்கடுப்பில் படுத்தார்கள். தொடக்கத்தில் தேவாலயத்தில் ரோஸ் ஆர்கன் வாசிக்கும் காட்சியின்போது ஹெப்பர்ன் வாந்தி எடுக்க, கேமராவுக்கு வெளியே வாளி வைத்திருந்தார்கள்.

கேமரா இன்னொரு தொல்லை. அக்கால மூன்று-பட்டை டெக்னிகலர் கேமராவுக்குள், உள்ளே வரும் ஒளியைப் பட்டகம் பிரித்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனி ஃபிலிம் சுருள்களில் பதிக்கும். ஒளி பங்குபோய்விடுவதால் விளக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். பெட்டியோ பெரியது, சத்தத்தை அடக்க இன்னொரு கூடு வேறு. 30 அடிப் படகில் அதை எங்கே வைப்பது? பெரிய தெப்பத்தின்மேல் படகின் நகலைக் கட்டி, தேவையான பகுதியைக் கழற்றி எடுத்துக் கேமராவுக்கு இடம் செய்தார்கள். விளக்குகளுக்கும் ஜெனரேட்டருக்கும் தனித் தெப்பங்கள். ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப் இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்தப் பச்சையைக் கொண்டுவந்திருக்கிறார்.

எது அசல், எது ஒட்டு என்று கண்டுபிடிக்க முதலில் நிழலைப் பாருங்கள்: ஆற்றில் வெயில் ஒரு பக்கமும் முகத்தில் வெளிச்சம் மறுபக்கமும் விழுந்தால் அது ஸ்டூடியோ. அடுத்து முடியோரம். ஒட்டுவேலையில் தலைமுடியையும் தொப்பியையும் சுற்றி மெல்லிய கோடு தெரியும். படகு குலுங்கும்போது பின்னணிக் கரை அதற்கேற்ப அசையாவிட்டால், அதுவும் ஒட்டுதான். நீர்ச்சரிவில் தூரத்துக் காட்சிகளில் சிறிய மாதிரிப் படகைக் கண்டுபிடிக்கத் தண்ணீர்த் துளியைக் கவனித்தால் போதும். படகைச் சிறிதாகச் செய்யலாம், துளியைச் சிறிதாக்க முடியாது. அலை தெறிக்கும் துளி மனிதத் தலை அளவுக்குத் தெரிந்தால் பொம்மைதான். உங்கள் வகுப்பில் கணினி வரைகலை செய்பவர்களுக்கும் தண்ணீர்தான் இன்றுவரை தலைவலி.

ஒட்டு தெரிகிறதே என்று படத்தைத் தள்ளிவிட வேண்டாம். நீர்ச்சரிவுக் காட்சிகள் இன்று கொஞ்சம் வெளிறித்தான் போயிருக்கின்றன, ஒப்புக்கொள்கிறோம். கோரைப்புல்லுக்குள் சிக்கிக்கொண்டு, அட்டை கடித்து மேலே ஏறியவன், படகை இழுக்க மறுபடி அதே தண்ணீரில் இறங்க வேண்டும் என்று புரிந்துகொள்ளும் இடம் வெளிறவே இல்லை. அது ஸ்டூடியோத் தொட்டி. ஒட்டியிருந்த அட்டைகளும் ரப்பர். போகார்ட்டின் முகம் மட்டும் நிஜம்.

போகிற போக்கில்: ரோஸ் உப்புப் போட்டு அட்டையை எடுக்கிறாள். மலேசியக் காடுகளுக்கு நடைப்பயணம் போகிறவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம். உப்புப் பட்ட அட்டை வயிற்றிலுள்ளதைக் கடிவாயில் கக்கிவிட்டு விழும். நகத்தையோ அட்டைத்தாளின் ஓரத்தையோ தோலோடு ஒட்டிச் செலுத்தி, முதலில் மெல்லிய தலைப்பக்கத்தை, பிறகு தடித்த வால்பக்கத்தை விடுவித்துவிட்டுக் கழுவுங்கள்.

55 அங்குலத் தொலைக்காட்சியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறது. பட்டையை நீக்கினால் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள்.
– ஒரு வாசகர், தெம்பனிஸ்

பட்டை இருப்பதுதான் சரி. படத்தின் அகலம் உயரத்தைப் போல் 1.37 மடங்கு; உங்கள் திரையோ 1.78 மடங்கு. 55 அங்குலத் திரை சுமார் 122 செ.மீ. அகலம், 68.5 செ.மீ. உயரம். படத்துக்குத் தேவை 94 செ.மீ.தான். ஆகப் பக்கத்துக்கு 14 செ.மீ. கறுப்பு. இழுத்து நிரப்பினால் ஒவ்வொருவரும் 30 விழுக்காடு அகலமாவார்கள். ஹெப்பர்னின் கன்ன எலும்புக்குச் செய்கிற துரோகம் அது. 'ஸூம்' போட்டால் மேலும் கீழுமாகக் கால்வாசிக்குச் சற்றுக் குறைவான படம் வெட்டுப்படும்: மேலே புகைபோக்கி போகும், கீழே சுக்கான் பிடித்த கை போகும். அந்தக் கையைத்தான் மேலே பார்க்கச் சொன்னோம்.

படவிகிதத்தை 'ஒரிஜினல்' என்றோ 'ஜஸ்ட் ஸ்கேன்' என்றோ வையுங்கள். 'மோஷன் ஸ்மூதிங்' போன்ற அசைவு மெருகை அணையுங்கள், இல்லாவிட்டால் தொலைக்காட்சி நாடகம் மாதிரி வழுக்கும். 'ஷார்ப்னஸ்' குறைவாக, வண்ணம் 'வார்ம்' என்று இருக்கட்டும். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் பாதி வேலையை அதுவே செய்துவிடும். ஒலி ஒற்றைத் தடம். ஒலிப்பட்டையில் ('சவுண்ட்பார்') செயற்கைச் சுற்றொலியை அணைத்தால் வசனம் தெளியும்.

இணையத்தில் வாங்கிய பிரிட்டிஷ் டிவிடி 101 நிமிடத்தில் முடிகிறது. வெட்டிவிட்டார்களா?
– ஒரு வாசகர், பாசிர் ரிஸ்

வெட்டவில்லை, ஓட்டிவிட்டார்கள். ஃபிலிம் விநாடிக்கு 24 சட்டகம். பிரிட்டனில் வழங்கும் 'பால்' (PAL) முறை டிவிடி அதை 25ஆக ஓட்டுவதால் படம் 4 விழுக்காடு விரைவாகும். 105 நிமிடம் 101 ஆகும். குரலும் பெரும்பாலும் சற்றுச் சுதி ஏறிக் கேட்கும். ப்ளூ-ரேயில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மண்டலம் (எந்த நாட்டுக் கருவியில் வட்டு ஓடும் என்ற குறியீடு) பார்த்து வாங்குங்கள். ப்ளூ-ரேக்கு சிங்கப்பூரும் அமெரிக்காவும் ஒரே ஏ மண்டலம், பிரிட்டன் பி. டிவிடிக்குக் கணக்கு வேறு: நமக்கு 3, அமெரிக்காவுக்கு 1, பிரிட்டனுக்கு 2.

2010இல் அமெரிக்காவில் வந்த பாரமவுண்ட் ப்ளூ-ரே, மூல நெகட்டிவ் மூன்றையும் நுண்மையாகப் பதிவெடுத்துச் சேர்த்தது. மூன்று சுருளும் காலப்போக்கில் வெவ்வேறு அளவு சுருங்கும். பழைய பிரதிகளில் பொருள்களின் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் பிசிறடிப்பது அதனால்தான். புதுப்பித்த பிரதியில் அது ஒழிந்தது.

போகார்ட்டுக்கு இதைத் தவிர வேறு ஆஸ்கார் உண்டா?
– ஒரு வாசகர், ஈசூன்

இல்லை. இது ஒன்றுதான். நாவலில் சார்லி லண்டன் கொச்சை பேசுபவன். போகார்ட்டுக்கு அந்த உச்சரிப்பு ஒத்துவராததால் படத்தில் கனடாக்காரன் ஆக்கிவிட்டார்கள்.

ஆப்பிரிக்க மக்கள் பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் மட்டும் வந்துபோகிறார்கள். இதை மாணவர்களுக்குக் காட்டலாமா?
– ஓர் ஆசிரியை, தோ பாயோ

காட்டலாம், மூடி மறைக்காமல். தொடக்கத்தில் புரியாத மொழிப் பாடலைக் கிராமத்தார் பாடுவதும், சார்லி எறிந்த சுருட்டுத் துண்டுக்கு அடித்துக்கொள்வதும் சிரிப்புக்காக வைத்தவை. அது அன்றைய பார்வை, இன்று உறுத்துகிறது. குடிசைகள் எரிந்து மக்கள் துரத்தப்படும்போதும் படத்தின் கவலையெல்லாம் அண்ணனும் தங்கையும்தான். படமெடுத்த காங்கோவுக்கு 1960 வரையும் உகாண்டாவுக்கு 1962 வரையும் விடுதலை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வகுப்பில் கேட்க ஒரு கேள்வி: இதே போரில் வேறு யார் இருந்தார்கள்? 1914 நவம்பரில் இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்தில் பிரிட்டன் இறக்கிய படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படையும் அதில் இருந்தது. தாக்குதல் படுதோல்வி. சுமை தூக்கியே செத்த ஆப்பிரிக்கர்கள் பல்லாயிரம் பேர். படத்தில் இல்லாத இவர்களைப் பற்றி மாணவர்கள் ஒரு பக்கம் எழுதலாம். படத்தை வெறுக்கவைக்க அல்ல. ஹெப்பர்னின் நடிப்பை ரசித்துக்கொண்டே இதையும் கேட்கலாம்.

முடிவு வெறும் அதிர்ஷ்டம்தானே? அந்தக் கப்பல் உண்மையா?
– ஒரு வாசகி, ஜூரோங்

(பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகவும்.) கவிழ்ந்து மிதக்கும் படகில் கப்பல் தானே வந்து மோதுவது தற்செயல்தான். ஆனால் அதைச் சுற்றியுள்ளவை தற்செயல் அல்ல. வெடிகளை வெளியே நீட்ட முன்புறத்தில் துளை போட்டார்கள். புயலில் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் ஏறித்தான் படகு கவிழ்கிறது. பிடிபட்டுத் தூக்குக் கயிறு தொங்கும்போது சார்லி தங்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கக் கேட்கிறான். கப்பல் தலைவர் ஒரே மூச்சில் மணமும் முடித்து, தூக்கிலிடவும் ஆணையிடுகிறார். அந்தச் சில நிமிடத் தாமதம் இல்லாவிட்டால் கப்பல் வெடிப்பதற்குள் இருவரும் தொங்கியிருப்பார்கள். கல்யாணம்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. சி. எஸ். ஃபாரஸ்டரின் 1935 நாவலில் இந்த வெற்றி கிடையாது. அங்கே கப்பலை மூழ்கடிப்பது பிரிட்டிஷ் கடற்படைப் படகுகள். படத்தின் முடிவே எங்களுக்குப் பிடிக்கிறது.

கப்பலுக்கு மூலம், தங்கனீக்கா ஏரியில் ஓடிய ஜெர்மானிய 'கிராஃப் ஃபொன் கோட்ஸன்'. ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் கட்டி, பிரித்துப் பெட்டிகளில் அனுப்பி, ஏரிக்கரையில் மீண்டும் பூட்டி 1915இல் இறக்கினார்கள். 1916இல் பின்வாங்கும்போது, பிற்பாடு உதவட்டும் என்று எஞ்சினுக்கு நன்றாகக் கிரீஸ் பூசி, ஜெர்மானியர்களே மூழ்கடித்தார்கள். பூசியது வீண்போகவில்லை. 1924இல் பிரிட்டிஷார் தூக்கியெடுத்தார்கள். 1927 முதல் 'லியெம்பா' என்ற பெயரில் பயணிகளை ஏற்றியது. படத்தில் நடித்த படகும் பிழைத்திருக்கிறது. 1912இல் இங்கிலாந்தில் கட்டிய அது இப்போது ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் இருக்கிறது.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மூத்தோருக்குத் திரையிட விரும்புகிறோம். என்னென்ன தேவை?
– குடியிருப்பாளர் குழு, அங் மோ கியோ

முதலில் அனுமதி. கடையில் வாங்கிய வட்டு வீட்டில் பார்க்க மட்டுமே. பொது இடத்தில் காட்ட உரிமையாளரின் திரையிடல் அனுமதி தனியாக வேண்டும். தகவல், தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் உரிமமும் வகைப்பாடும் தேவையா என்று தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். ஏழரைக்கு முன் தொடங்கினால் திரை வெளுத்துத் தெரியும். கீழ்த்தளத்தின் தூண் விளக்குகளை அணைக்க முடியாது என்பதால் 3,000 லூமனுக்குக் குறையாத புரொஜெக்டர் எடுங்கள். படம் இரண்டு மீட்டர் அகலத்துக்கு மேல் வேண்டாம். 4:3 திரை கிடைத்தால் நல்லது. சிமெண்டுச் சுவரில் ஒலி எதிரொலிக்கும். முன்னால் ஒரே ஒலிபெருக்கியை அலறவிடாமல், இருக்கைகளுக்குப் பக்கவாட்டில் இரண்டைத் தணிவாக வையுங்கள்.

தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆங்கில வசனவரி பயன்படாது. தொடங்குமுன் ஐந்து நிமிடம் தமிழில் கதையின் முற்பாதியைச் சொல்லிவிடுங்கள். மீதியை முகங்களே சொல்லிவிடும். இடைவேளை கட்டாயம் என்றால், சார்லி நீர்யானை போலவும் குரங்கு போலவும் செய்துகாட்டி ரோஸ் விழுந்து விழுந்து சிரிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து வருவது தண்டு வளையும் சரிவு. தேநீர் குடித்துவிட்டு வந்து உட்கார அதுதான் தோதான இடம்.